உயில் பதிய ஊருக்குப் போனேன்

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஊர்ச் சொத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் "நீ வா, பாத்துக்கலாம்" என்றே வருடங்கள் ஓடிவிடும். இந்த லீவை அப்பாவின் உயிலுக்கென்றே ஒதுக்கினேன். பத்திர ஆபீஸ் என்றால் நாய் படாத பாடு என்று பயமுறுத்தாத சொந்தக்காரர் இல்லை. ஆபீஸுக்குள் அப்படி ஒன்றும் இல்லை. அதன் வாசலில் கிடைக்கும் இலவச யோசனைக்குத்தான் பயப்பட வேண்டும்.

வாசலில் கடை போட்டிருந்த ஆவண எழுத்தர், விஷயத்தைக் கேட்டு முடிப்பதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டார். "உயிலெல்லாம் எதுக்கும்மா? பின்னால கேஸுன்னு வந்து நிக்கும். தான செட்டில்மென்ட் போட்டுடுங்க, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுரும்."

செட்டில்மென்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் பத்திரம். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை சொத்து மதிப்பில் 1 சதவீதம். 2023-ல் உயர்த்தியபின் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 10,000 வரை போகும். உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. ஆனால் காசு இங்கே இரண்டாம்பட்சம். செட்டில்மென்ட் எழுதினால் சொத்து அன்றைக்கே கைமாறிவிடும், நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. உயிலை அப்பா உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். வயதான மனிதரைச் சொந்த வீட்டிலேயே அடுத்தவர் தயவில் உட்கார வைக்க எனக்கு மனசில்லை.

எங்கள் வீட்டு விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. தம்பிக்கு அறிவுசார் குறைபாடு; நாற்பதை நெருங்குகிறான். உயில் இல்லாவிட்டால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நான், தம்பி மூவருக்கும் சமபங்கு. கேட்பதற்கு நியாயம்தான். ஆனால் அவன் பங்குக்கு அவனால் கையெழுத்துப் போட முடியாது. கூரை ஒழுகினாலும் மராமத்துக்கு அந்தப் பங்கை அடமானம் வைக்க, சட்டப்படி காப்பாளர் ஒருவரை நியமிக்காதவரை யாருக்கும் அதிகாரம் இருக்காது.

தஞ்சாவூரில் பார்த்த வக்கீலம்மா முதலில் கேட்டது மூலப்பத்திரத்தைத்தான். வீடு அப்பாவின் சுயசம்பாத்தியம். வயல் தாத்தா வழி வந்தது. "பூர்வீகத்துல சாரோட பங்கை மட்டும்தான் உயில்ல எழுதலாம். உங்களுக்கும் அதுல பிறப்புரிமை இருக்கும்மா, தெரியுமில்ல?" என்றார். பிறகு வீட்டுக்கு ஒரு வழி சொன்னார்: அம்மா ஆயுள் வரை அனுபவிப்பது, அதன்பின் உயில் வழியாகவே உருவாகும் டிரஸ்டுக்குப் போவது. நானும் சித்தப்பா மகனும் அதை நிர்வகிக்கும் டிரஸ்டிகள். வாடகை தம்பியின் செலவுக்கு. விற்பதென்றால் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். எங்களில் ஒருவர் போய்விட்டால் அடுத்த டிரஸ்டி யார், தம்பி காலத்துக்குப் பிறகு மிச்சம் யாருக்கு என்ற இரண்டு கேள்விகளிலேயே ஒரு சாயங்காலம் போயிற்று. அம்மா நடுவில் எழுந்து போய்விட்டார். அப்பா மட்டும் அசையவில்லை.

சாட்சி விஷயத்தில் சின்ன மனஸ்தாபம். அப்பா தன் வாக்கிங் நண்பர்கள் இருவரைச் சொல்லி வைத்திருந்தார். இருவரும் எழுபத்தைந்து தாண்டியவர்கள். உயில் கோர்ட்டுக்குப் போனால், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் உயிரோடு இருக்கும் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். வக்கீலம்மா இதை நாசூக்காகத்தான் சொன்னார். அப்படியும் அந்த மாமாக்களில் ஒருவர் இரண்டு நாள் வாக்கிங் வரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு வாத்தியாரும் மருந்துக்கடைத் தம்பியும் வந்தார்கள்.

உயிலைப் பதிவது கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சி இருந்தாலே செல்லும். ஆனாலும் பதிந்தோம். ஆன்லைனில் டோக்கன் போட்டு, சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டார்கள். கேமராவில் போட்டோ, கைரேகை. சார்பதிவாளர் என்னைப் பார்த்து, "நீங்க வெளிய இருங்கம்மா" என்றார். பாதிக் கதவு வழியாகக் கேட்டது.

"என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாய்யா?"

"தெரியும் சார். எம் பொண்ணு பொழைச்சுக்கும். பையனுக்குத்தான் ஏற்பாடு."

"யாராச்சும் சொல்லி எழுதுனீங்களா?"

"எங்க வீட்டுல நான் சொல்றதையே யாரும் கேக்கறதில்ல சார்."

உள்ளே சிரிப்புச் சத்தம். அவ்வளவுதான், முடிந்தது.

மறுநாள் அப்பா, சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "உயில் இதுல ஏறவே இல்லையே" என்று பதறினார். ஏறாது. உயில்கள் மூன்றாம் புத்தகம் என்ற தனிப் பதிவேட்டில் இருக்கும். எழுதியவர் உயிரோடு உள்ளவரை அவருக்கோ அவர் அதிகாரம் கொடுத்தவருக்கோ தவிர நகல் தரமாட்டார்கள். எனக்கே தரமாட்டார்கள் என்று கேட்டபிறகுதான் அப்பா காபி குடித்தார்.

பேங்க்கில் நாமினி மாற்றும் வேலை அரைமணி நேரம். நாமினிக்குப் பணம் வாங்கும் உரிமைதான், அது தானாகவே அவருடையதாகிவிடாது என்று கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்காமலே விளக்கினார். நல்ல பெண்.

பாக்கி இருப்பது தம்பிக்குச் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனம். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழு முடிவு செய்ய வேண்டும். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன், கூட்டத் தேதி வரவில்லை. நான் கிளம்பிவிட்டதால், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அப்பாவே போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.