கைநூற்பு ஸ்வெட்டரும் சித்திரத் தறியும்: இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்ட அனுபவம்

கையால் நூற்ற கம்பளியில் ஸ்வெட்டர் பின்னுகிறவர் வண்ண நூலாலேயே படம் நெய்யும் டேப்பஸ்ட்ரி எனப்படும் சித்திர நெசவிலும் இறங்கிவிட்டால், பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "நேரம் எப்படிக் கிடைக்கிறது?" என்பதுதான். நேரம் பெரிய சிக்கலே இல்லை. மாலைத் தொடர்களில் பாதியை விட்டால் கிடைத்துவிடும். போட்டி நடப்பது நூலுக்காக. ஒரே கம்பளியை ஒரே முறுக்கில் நூற்று, பாதியை ஊசிக்கும் பாதியைத் தறிக்கும் பங்கு போடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் ஏமாற்றம் காத்திருக்கிறது.

நான் இருப்பது திருவொற்றியூர் காலடிப்பேட்டையில், கடலுக்கு நடந்துபோகிற தூரத்தில். 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் இது. இன்று எங்கள் தெருவில் மிஞ்சியிருக்கும் ஒரே தறி என்னுடையதுதான். அதிலும் துணி வராது, படம்தான் வரும். சில ஆண்டுகளாக இரண்டு வேலைகளையும் சேர்த்தே செய்துவருகிறேன்.

முதலில் நூல். ஸ்வெட்டருக்கு வேண்டிய நூல் நெகிழ வேண்டும், காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், கழுத்தில் குத்தக் கூடாது. நாரின் தடிமன் 18 முதல் 22 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரையிலான மெரினோ ஆட்டின் மென்கம்பளி இதற்குப் பொருத்தம். நான் முப்புரியாகத்தான் முறுக்குகிறேன். மூன்று இழைகள் சேரும்போது நூல் உருண்டையாக வரும், பின்னலின் ஒவ்வொரு கண்ணியும் நிறைந்து தெரியும், உரசலையும் தாங்கும். இரு புரி நூல் சற்றுத் தட்டையாக இருக்கும். துளை வைத்துப் பின்னும் சால்வைக்கு அழகு, முழங்கை தேயும் ஸ்வெட்டருக்குப் போதாது. ஆனால் முப்புரிக்கு உழைப்பு அதிகம். பெரியவர் ஒருவருக்கான ஸ்வெட்டருக்குச் சுமார் 1,200 மீட்டர் நூல் வேண்டுமென்றால், தக்ளி எனும் கைக்கதிரில் 3,600 மீட்டருக்கு மேல் ஒற்றை இழை நூற்றாக வேண்டும். எடையில் 500 முதல் 600 கிராம். அத்தனையும் ஒரே தடிமனில் வர வேண்டும். முதல் சிட்டமும் (நூல்கட்டும்) கடைசிச் சிட்டமும் வேறு வேறு கைகள் நூற்றதுபோல் இருந்தால், அது ஸ்வெட்டரின் மார்பிலேயே கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

சித்திர நெசவுக்கு இதில் எதுவுமே பிடிக்காது. அங்கே குறுக்கே ஓடும் ஊடை நூல், தறியில் நெடுக்காக இழுத்துக் கட்டிய பாவு நூலை முழுவதுமாக மூட வேண்டும். பவானி ஜமக்காளத்தைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: பாவு உள்ளே மறைந்திருக்கும், வண்ணம் முழுவதும் ஊடையில்தான். அப்படி மூட, நூல் அடர்த்தியாகவும் வழவழப்பாகவும் நெகிழாமலும் இருக்க வேண்டும். ஸ்வெட்டருக்காக நூற்ற மெரினோவை ஊடையாகப் போட்டால், போடும்போது இழுபட்டு, பிறகு தன் நீளத்துக்குச் சுருங்கும். வரிசைக்கு வரிசை ஓரம் உள்ளே போகும். கீழே ஓரடி அகலத்தில் தொடங்கிய சித்திரம் மேலே ஒல்லியாகி நிற்கும். ஊடையை வில்போல் வளைத்துத் தளர்வாகப் போட்டுப் பிறகு அடித்து இறக்குவது எல்லா நூலுக்கும் நல்லது. மெரினோவுக்கு அதுவும் முழு மருந்தில்லை.

ஆகவே நான் கண்ட தீர்வு, பங்கீட்டைத் தக்ளிக்கு முன்பே செய்துவிடுவது. மென்மையான கம்பளி வந்தால் அது ஊசிக்கு. நீண்ட, பளபளப்பான, சற்று முரடான கம்பளி வந்தால் தறிக்கு. பிகானேர்ப் பக்கத்து மக்ரா ஆட்டின் கம்பளி கம்பள நெசவுக்குப் பெயர்போனது; சாயத்தை ஏற்ற பிறகும் மினுக்கம் குறையாது. தக்காணத்து ஆட்டின் கறுப்புக் கம்பளியைக் கழுத்தில் வைத்தால் அரை நிமிடம் தாங்காது, தறியிலோ சாயமே இல்லாமல் ஆழ்ந்த கறுப்பும் பழுப்பும் கிடைக்கும். நெசவுக்கான இழையை நார்கள் எல்லாம் ஒரே திசையில் படியும்படி சீப்பால் வாரி, கூடுதல் முறுக்கு வைத்து நூற்கிறேன். பின்னலுக்கானதைக் கம்பிப் பற்கள் வைத்த அட்டைச் சீப்பில் மெல்லச் சீவி, குறைந்த முறுக்கில். தக்ளியும் வேறு. பின்னலுக்கு 20 கிராமை ஒட்டிய இலகுவான தக்ளி. நெசவுக்கு 40 கிராம் எடையுள்ள தடித்த வட்டு.

நடுவில் நிற்பது நீலகிரி ஆட்டுக் கம்பளி. நாட்டு ஆடுகளோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாய்களைக் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவான இனம் அது. இன்று எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைக் காத்துவருகிறது. அதை நடத்தும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் எங்கள் பக்கத்து மாதவரம் பால்பண்ணையில்தான் இருக்கிறது என்பது எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி. கோத்தகிரியில் வாழ்க்கைப்பட்ட தங்கை எப்போதாவது ஒரு பை கொண்டுவருவாள். கழுவாத கம்பளி, பாதி எடை அழுக்கும் பிசுக்கும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு திரிந்து கம்பளியில் படியும். மொட்டை மாடியில் பிடித்த மழைநீரும் பூந்திக்கொட்டைக் கரைசலும்தான் சரிப்படுகின்றன. கொதிநீரிலிருந்து சட்டென்று குளிர்நீருக்கு மாற்றாமல், அலசிப் பிழியாமல், ஊறவைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பளி சிக்கி இறுகிப்போகும்.

கடையில் 'உல்லன்' என்று கேட்டால் எடுத்துப்போடும் நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாரிமுனையிலும் சௌகார்பேட்டையிலும் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அக்ரிலிக். நுனியைக் கொளுத்தினால் தெரிந்துவிடும். கம்பளி, முடி கருகும் வாடையோடு பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாக நிற்கும்.

தறி பற்றி. ஸ்காட்லாந்தின் சித்திர நெசவாளர் ஆர்ச்சி பிரென்னன் வடிவமைத்த குழாய்த் தறியின் நகல்தான் என்னுடையது. செப்புக் குழாய்க்குப் பதில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், இரண்டு பக்கமும் மரை போட்ட கம்பிகள், நட்டைத் திருகினால் பாவு இறுகும். வடசென்னையில் இதைச் செய்துதரக் குழாய் வேலைக்காரருக்கும் லேத் பட்டறைக்கும் பஞ்சமில்லை. வரைபடத்தைக் காட்டியபோது பட்டறைக்காரர், "இது என்னம்மா, கதவுமில்லை கட்டிலுமில்லை" என்றார். உறுதியில் குறையே இல்லை. கடற்காற்றுதான் குறை. முதல் ஆண்டிலேயே மரைக் கம்பிகளில் துரு ஏறிவிட்டது. நட்டு அசையவில்லை, தூசியாக உதிர்ந்த துரு வெள்ளைப் பாவில் பழுப்புக் கறையாகப் படிந்தது. கம்பிகளையும் நட்டுகளையும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றிய பிறகு நிம்மதி. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை கடலோரம் வசிக்கும் யார் இதைச் செய்வதானாலும் தொடக்கத்திலேயே எஃகு கேளுங்கள். விலை கூடினாலும் பிறகு மிச்சம்.

பாவுக்கு முறுக்கேறிய பருத்தி நூல்தான். காசிமேட்டு வலைக் கடைகளில் அடுக்கியிருக்கும் உறுதியான கயிறுகளைப் பார்த்தால் ஆசை வரும். அவை நைலான். தறியில் இழுபட்டு நிற்கும். அறுத்து எடுத்ததும் சுருங்கிச் சித்திரத்தை அலை அலையாக்கும். பருத்தியிலும் எங்கள் ஊர்க் காற்றின் குறும்பு உண்டு. மழைநாளில் இறுகும், காற்று காய்ந்தால் தளரும். அதனால் வேலைக்கு உட்காரும்போதெல்லாம் பாவை விரலால் தட்டிப் பார்த்து நட்டைத் திருகிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அங்குலத்துக்கு 8 பாவு வைக்கிறேன். ஓரடிச் சதுரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் ஊடை செலவாகும். ஸ்வெட்டரின் பசியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த 100 கிராமுக்குள் பத்துப் பன்னிரண்டு நிறங்கள் வேண்டும். சிறு சிறு சிட்டங்களாக நூற்கச் சோம்பல்படுகிறவர்களுக்குச் சித்திர நெசவு ஒத்துவராது.

நிறங்கள் சந்திக்கும் இடத்தில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது. இரண்டு நிறங்கள் செங்குத்தாக அடுத்தடுத்து வந்தால் நடுவே பிளவு விழும். காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைப்பதுபோல் ஊடைகளை ஒன்றோடொன்று மாட்டலாம். வலுவான இணைப்பு, ஆனால் வேலை பாதியாக மந்தப்படும். இன்னொரு வழி, சித்திரத்தையே பக்கவாட்டில் படுக்கவைத்து நெய்வது. ஐரோப்பாவின் பழைய சித்திரத் திரைகள் அப்படித்தான் நெய்யப்பட்டன. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகத்தையும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளையும் நெய்தபோது இதன் அருமை புரிந்தது. நிமிர்ந்த புகைபோக்கி தறியில் கிடைக்கோடாகிவிட்டது. பிளவே இல்லாமல் ஒரே மூச்சில் நெய்ய முடிந்தது. அந்தப் புகைக்குத் தக்காணக் கறுப்பை விட்டால் வேறு கம்பளி பொருந்தியிருக்காது.

இனிப் பருவம். சித்திரை, வைகாசியில் மடியில் அரைகிலோ கம்பளியைப் போட்டுக்கொண்டு பின்னுவது நடக்காத காரியம். தறி எதிரே நிற்கும், மடியில் படாது. ஆகவே கோடை முழுவதும் நெசவு. புரட்டாசி கழிந்து மழை தொடங்கினால் பின்னல். தை முடியும்வரை ஊசிதான். நூற்பு ஆண்டு முழுவதும் உண்டு, ஆனால் விடியற்காலையில் மட்டும். முற்பகல் கடந்தால் விரல் வியர்த்து நார் ஒட்டிக்கொள்ளும். கோடையில் கடற்காற்று எழுந்துவிட்டால் மாடியில் தக்ளி ஊசலாடி இழை அறுந்துவிடும். வியர்வைக்கு இன்னொரு பலி மூங்கில் ஊசி. மலைப்பிரதேசத்தில் இதமாக இருக்கும் அதில், இங்கே கண்ணி நகரவே மறுக்கிறது. வழவழப்பான உலோக வட்ட ஊசிதான் சென்னைக்கு.

எடைபோடுவதிலும் ஓர் எச்சரிக்கை. கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. கார்த்திகை மழையில் நிறுத்த சிட்டமும் ஏ.சி. அறையில் நிறுத்த சிட்டமும் ஒரே கணக்குச் சொல்லாது. மீட்டரில் அளப்பதே நம்பகம்.

இரண்டு வேலைகளும் ஒரே கையில் நடப்பதால் ஒரு தொந்தரவு வரும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தறியில் ஊடையை அடித்து இறுக்கிப் பழகிய கை, ஊசிக்குத் திரும்பியதும் கண்ணியையும் இறுக்கும். அங்குலத்துக்கு 5 கண்ணி வந்த இடத்தில் ஐந்தரை வரும். 40 அங்குல மார்புச் சுற்றுக்கு அது நாலு அங்குலத்துக்கு நெருங்கிய குறைவு, போட்டுக்கொள்ள முடியாது. அதனால் ஸ்வெட்டரின் உடல் பகுதியை நடுவில் நிறுத்திவிட்டுத் தறிக்குப் போவதில்லை. அக்குள்வரை முடித்துவிட்டு நிறுத்தலாம், ஸ்வெட்டரின் இரண்டு கைப்பகுதிகளும் முடிந்த பிறகு நிறுத்தலாம். திரும்பி வரும்போது கையளவு மாதிரித் துண்டு ஒன்று பின்னிப் பார்த்த பிறகே தொடர்வேன். தறிக்கு இந்தப் பிடிவாதம் இல்லை. பாவைக் கொஞ்சம் தளர்த்தி, தூசி படாமல் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்கும். எந்த வேலையை நிறுத்துவது என்ற குழப்பம் வந்தால் நெசவைத்தான் நிறுத்த வேண்டும் என்பது என் முடிவு. பயணத்துக்கும் ஊசிதான். ஸ்வெட்டரின் கைப்பகுதி சின்னப் பையில் அடங்கும். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் மகளிர் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தால் கடற்கரை நிலையம் வருவதற்குள் பல சுற்றுகள் ஏறிவிடும்.

சாயத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சுவரில் தொங்குவதற்கு வெயிலைத் தாங்கும் நிறம் வேண்டும், உடுத்துவதற்குச் சலவையைத் தாங்கும் நிறம் வேண்டும். அவுரி நீலமும் படிக்காரம் ஏற்றிய மஞ்சட்டிச் சிவப்பும் இரண்டுக்கும் உதவும். மஞ்சள் கிழங்கின் நிறம் பார்க்கக் கொள்ளை அழகு, வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அதைத் தறிப்பக்கம் விடுவதில்லை.

"இந்த ஊரில் ஸ்வெட்டர் யாருக்கம்மா?" என்று மாடிவீட்டு அக்கா விடாமல் கேட்பார். கோத்தகிரிக்குப் போகிறது, இரவு ரயிலில் குளிர்சாதனப் பெட்டியில் போகிறவர்களுக்குப் போகிறது. அக்காவே மார்கழி விடியலில் கோலம் போட ஒரு கையில்லாத ஸ்வெட்டர் கேட்டு வாங்கிக்கொண்டார். கேள்வி மட்டும் நிற்கவில்லை.

பராமரிப்பில் பெரிய எதிரி பூச்சி. கம்பளி தின்னும் வண்டின் புழுவுக்கு ஸ்வெட்டரும் சித்திரமும் ஒன்றுதான். சித்திரத்தைச் சுவரோடு ஒட்டாமல், பின்னால் காற்று புகும்படி மரச்சட்டத்தில் தொங்கவிடுகிறேன். மாதம் ஒருமுறை பின்பக்கத்தைத் தட்டிப் பார்க்கிறேன். ஸ்வெட்டர் துவைத்துக் காய்ந்த பிறகே பெட்டிக்குள் போகும். வேப்பிலையும் வசம்பும் வாசனைக்கு உதவும், புழுவுக்கு அவ்வளவு அச்சமில்லை. சந்தேகம் வந்தால் காற்றுப்புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் உறைபெட்டியில் வைப்பதுதான் உறுதியான வழி. எங்கள் வீட்டில் அதற்கு மாமியாரின் அனுமதி வேண்டும். ஞாயிறு காசிமேட்டில் வாங்கும் வஞ்சிரத்துக்குப் போக மிச்சம் இருந்தால்தான் ஸ்வெட்டருக்கு இடம்.