வெம்ப்ளியா, ஓல்ட் டிராஃபோர்டா: எந்த மைதானத்து ப்ரோகிராமைச் சேர்க்கலாம்?

இங்கிலாந்துக் கால்பந்தின் பழைய மேட்ச் ப்ரோகிராம்களை, அதாவது ஆட்ட நாளில் மைதானத்தில் விற்கும் சிறு இதழ்களை, சேர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிப் போடுவார்கள். சீக்கிரமே அலமாரி நிறைந்துவிடும்; தொகுப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் தேறாது. அதைவிட ஒரே மைதானத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. அப்படி முடிவெடுத்தவர்களை அதிகம் இழுப்பவை இரண்டு: லண்டன் வெம்ப்ளி, மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டு. ஆர்சனலின் ஹைபரிக்கும் ரசிகர்கள் உண்டு. 1913-ல் திறந்து 2006-ல் மூடிய மைதானம், இனிப் புதிதாக எதுவும் அச்சாகாது என்ற நிம்மதி அதில் இருக்கிறது. ஆனால் இங்கே பேச்சு மற்ற இரண்டைப் பற்றி.

என் ஓட்டு ஓல்ட் டிராஃபோர்டுக்கு. வெம்ப்ளியின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெம்ப்ளியில் சாதாரண ஆட்டம் என்பதே குறைவு. 1923 ஏப்ரல் 28-ல் அங்கே நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்துக் கிளப்புகளின் நாக்-அவுட் போட்டி) இறுதியாட்டத்திலேயே கணக்கில் வந்த கூட்டம் 1,26,047 பேர். கணக்கில் வராமல் உள்ளே புகுந்தவர்கள் இன்னும் பல்லாயிரம். வெள்ளைக் குதிரையில் வந்த போலீஸ்காரர் கூட்டத்தை ஒதுக்கிய பிறகுதான் ஆட்டமே தொடங்கியது. போல்டன் 2-0 என வெஸ்ட் ஹாமை வென்றது. அப்புறம் ஆண்டுதோறும் கோப்பை இறுதி, இங்கிலாந்து அணியின் ஆட்டங்கள், 1966 உலகக் கோப்பை இறுதி. கால்பந்து அதிகம் பார்க்காதவரிடம் நீட்டினாலும் 'அட, இதுவா!' என்று கையில் வாங்கிப் பார்ப்பார்.

சிக்கலும் அங்கேதான். இறுதியாட்ட ப்ரோகிராமை வாங்கியவர்கள் அதைப் பத்திரமாகவே வைத்துக்கொண்டார்கள். அச்சடித்த எண்ணிக்கையும் அதிகம், தப்பிப் பிழைத்ததும் அதிகம். அதனால் எழுபதுகள், எண்பதுகளின் கோப்பை இறுதி ப்ரோகிராம்கள் பெரும்பாலும் இன்றும் சில பவுண்டுகளுக்கே கிடைக்கின்றன. அலங்காரமாக இருக்கும், புரட்டினால் எதிர்பார்த்ததே வரும்: வாழ்த்துச் செய்தி, இரு அணிகளின் வரலாறு, விளம்பரம். இன்று பெரிய நாள் என்று தெரிந்தே அச்சடித்த தாள் அது.

எனக்குப் பிடித்த ப்ரோகிராம்கள் வேறு ரகம். ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு அச்சுக்குப் போய், பின்னால் நடக்கப்போவது எதுவும் தெரியாமல் நிற்பவை. வெம்ப்ளியிலும் அப்படி ஒன்று உண்டு. 1953 நவம்பர் 25, இங்கிலாந்துக்கு எதிராக ஹங்கேரி. ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்த எந்த அணியும் அதுவரை இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் தோற்கடித்ததில்லை. 9-ஆம் எண்ணோடு இறங்கிய ஹங்கேரியின் ஹிடெகுட்டி சென்டர் ஃபார்வர்டாக முன்னால் நிற்காமல் பின்னுக்கு இறங்கி ஆடினார். அவரைத் துரத்திப் போவதா, நின்ற இடத்திலேயே நிற்பதா என்று இங்கிலாந்தின் தடுப்பாட்டக்காரர்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. அவர் மட்டும் மூன்று கோல், முடிவு ஹங்கேரிக்கு 6-3. வெம்ப்ளியில் ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால் 1966-ஐ விட்டுவிட்டு இதை எடுப்பேன்.

ஓல்ட் டிராஃபோர்டில் இப்படிப்பட்டவை அடுத்தடுத்து வருகின்றன. மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானம் இது; 1910-ல் லிவர்பூலிடம் 4-3 என்று தோற்றுத் தொடங்கியது. போரில் குண்டு விழுந்து, 1949 வரை யுனைடெட் தன் சொந்த ஆட்டங்களை மான்செஸ்டர் சிட்டியின் மெயின் ரோடில் ஆட வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் ப்ரோகிராம் யுனைடெட்டுடையது, மைதானம் சிட்டியுடையது. மைதானக் கணக்கில் அவற்றைச் சேர்ப்பதா என்பது தீராத வாக்குவாதம், நான் சேர்க்கமாட்டேன்.

ஆனால் இந்த மைதானத்தின் தொகுப்புக்கு உயிர்நாடி 1958 பிப்ரவரி. 6-ஆம் தேதி யுனைடெட் அணி பயணம் செய்த விமானம் மியூனிக்கில் விபத்துக்குள்ளாகி, வீரர்கள் பலர் இறந்தார்கள். 8-ஆம் தேதி வுல்வ்ஸ் அணியோடு நடக்க வேண்டிய ஆட்டத்துக்கு ப்ரோகிராம் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. ஆட்டம் தள்ளிப்போனது, ப்ரோகிராம்கள் அழிக்கப்பட்டன, தப்பியவை ஒரு சில. விலை நம் கைக்கு எட்டாது, அதை மறந்துவிடலாம்.

கைக்கு எட்டுவது அதற்கடுத்தது: பிப்ரவரி 19, ஷெஃபீல்டு வெட்னெஸ்டேயுடன் கோப்பை ஆட்டம். 'யுனைடெட் ரிவியூ' என்ற அந்த இதழின் நடுவில் ஒருபுறம் வெட்னெஸ்டே அணியின் பெயர்கள் வரிசையாக இருக்கும். யுனைடெட் பக்கத்தில் பதினொரு இடமும் காலி. யார் ஆடுவார்கள் என்று அச்சகத்துக்கு மட்டுமல்ல, அணியின் பொறுப்பை ஏற்றிருந்த துணை மேலாளர் ஜிம்மி மர்ஃபிக்கே தெரியாது. ஸ்டான் க்ரௌதர் என்ற வீரர் ஆஸ்டன் வில்லாவிலிருந்து ஒப்பந்தமானது ஆட்டம் தொடங்கச் சுமார் ஒரு மணி நேரம் முன்புதான். அரங்கத்தில் இருந்தவர்கள் அந்தக் காலி இடங்களில் தாங்களே பெயரை எழுதிக்கொண்டார்கள். பொதுவாக, பேனா கீறல் விழுந்த ப்ரோகிராமுக்கு விலை குறைத்துக் கேட்பது சேகரிப்பாளர் வழக்கம். இந்த ஒன்றில் மட்டும் நான் கீறல் விழுந்ததைத்தான் தேடுவேன். யுனைடெட் 3-0 என்று வென்றது. விபத்தில் காயமடைந்து மியூனிக் மருத்துவமனையில் அப்போது உயிரோடு இருந்த யுனைடெட் வீரர் டங்கன் எட்வர்ட்ஸ் இரண்டு நாள் கழித்து இறந்தார்.

இரண்டு மைதானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க 1970 உதவும். செல்சி, லீட்ஸ் கோப்பை இறுதி ஏப்ரல் 11-ல் வெம்ப்ளியில் 2-2. குதிரைக் காட்சி நடத்திக் குலைந்துபோன தரை. பந்து எழும்பவே இல்லை. மறு ஆட்டம் 29-ஆம் தேதி ஓல்ட் டிராஃபோர்டில், செல்சிக்கு 2-1. ஒரே இறுதிக்கு இரண்டு ப்ரோகிராம். பல மாதம் முன்பே தேதி தெரிந்து செய்தது ஒன்று, பதினெட்டு நாள் அவகாசத்தில் செய்தது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள், தனித்தனியாக வாங்கினால் சுவை குறையும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவையும் இரண்டுக்கும் வேறு. பழைய யுனைடெட் ப்ரோகிராமில் டோக்கன் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்க ரசிகர்கள் அதை வெட்டிச் சேர்த்து வைத்தார்கள். வெம்ப்ளி இறுதிக்குப் போகும் ஆசையில்தான் ஓல்ட் டிராஃபோர்டு இதழ்கள் பல ஓட்டையாயின. விற்பவர் 'டோக்கன் இல்லை' என்று சொன்னால் விலையில் நன்றாகவே குறைய வேண்டும். சொல்லாமல் விட்டால் நீங்கள் கேளுங்கள். வெம்ப்ளியில் பயப்பட வேண்டியது மறுபதிப்புகளுக்கு. 1923-க்கும் 1966-க்கும் அவை ஏராளம். அசல் என்று எழுதித் தராதவரிடம் அந்த இரண்டையும் வாங்க வேண்டாம்.