கிட்னி பூனைக்குப் பொட்டாசியம்: பவுடரா, ஜெல்லா, மாத்திரையா?

எங்க சின்னுவுக்கு 15 வயசு. சிங்கப்பூர் செங்காங்ல எங்க வீட்டு ஜன்னல் திண்டுல ஏறி உக்காந்து எல்ஆர்டி ரயில் போறதையும் வர்றதையும் பாக்குறதுதான் அவளுக்கு நாள் பூரா வேலை. போன வருஷம் ஒரு நாள் திண்டுக்குக் கீழ நின்னு மேல பாத்தா, பின்னங்கால மடக்கினா, தாவாம அப்படியே உக்காந்துட்டா. வயசாயிடுச்சுன்னு விட்டுட்டேன். ரெண்டு நாள்ல தலைய நிமித்தவே முடியல, தாடை நெஞ்சுல முட்டுது, சாப்பாட்டுத் தட்டு முன்னாடி நின்னுக்கிட்டு கண்ண மட்டும் தூக்கி என்னப் பாக்குறா. கிட்னி வீக்னு ஏற்கனவே தெரியும். ஆனா இது பொட்டாசியம் குறைஞ்சு தசை தளந்து போனதுன்னு ரத்தம் எடுத்துப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. லிட்டருக்கு 2.9 மில்லிமோல்தான் இருந்துச்சு. பூனைக்கு சுமாரா 3.5லருந்து 5.5 வரைக்கும் இருக்கணும், கிட்னி பூனைக்கு 4க்கு மேலயே வச்சுக்கிட்டா நல்லதுன்னு டாக்டர் சொன்னாங்க. ஒரு ராத்திரி டிரிப்ல வச்சிருந்து வீட்டுக்கு அனுப்பினாங்க. இனிமே தினம் ரெண்டு வேளை வாய் வழியா பொட்டாசியம் குடுக்கணும், பவுடர், ஜெல், மாத்திரை மூணுல எது முடியுமோ பாத்துக்கங்கன்னாங்க.

மூணையும் குடுத்துப் பாத்துட்டேன். இப்ப குடுக்குறது ஜெல். ஏன்னு சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. இது கிட்னிக்கு சத்து மருந்து கிடையாது. கிட்னி கெட்ட பூனை நிறைய ஒண்ணுக்குப் போகும், அதோட சேந்து பொட்டாசியமும் வெளிய போயிடும், பசியும் குறைஞ்சிருக்கும், அதனால சாப்பாட்டுலருந்தும் வராது. பொட்டாசியம் குறைஞ்சா கிட்னி இன்னும் கெடும், கிட்னி கெட்டா இன்னும் பொட்டாசியம் போகும். அந்தச் சுழற்சிய நிறுத்தத்தான் குடுக்குறது. ரத்தத்துல குறைவா இல்லாத பூனைக்குத் தேவையே இல்ல, கூடிப் போனா இதயத்துடிப்புல கை வைக்கும். கிட்னிக்குன்னு வர்ற சாப்பாட்டுலயே பொட்டாசியம் கொஞ்சம் கூடத்தான் சேத்திருப்பாங்க, அத ஒழுங்கா சாப்பிடுற பூனைக்கு அதுவே போதும்னு ஆகலாம். நாய் வச்சிருக்கவங்க இன்னும் கவனமா இருங்க. கிட்னி கெட்ட நாய்க்கு சில சமயம் தலைகீழா பொட்டாசியம் ஏறும், அதுலயும் பெனாசெப்ரில், எனாலாப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரை போட்டுக்கிட்டிருந்தா சொல்லவே வேணாம். எனக்கு நாய் வளத்த பழக்கம் இல்ல, அதனால இனி நான் சொல்றதெல்லாம் பூனைக்கு மட்டும்தான்.

மொதல்ல பவுடர். மூணுலயும் உள்ள இருக்குறது பொட்டாசியம் குளுக்கோனேட்தான். பொட்டாசியம் குளோரைடு வாயில வச்சா பூனைக்குப் பிடிக்காது, குமட்டும், அதனால குளுக்கோனேட்தான் குடுப்பாங்க. இரத்தத்துல அமிலமும் கூடியிருந்தா சில டாக்டருங்க சிட்ரேட் எழுதுவாங்க. பவுடர்ல கால் டீஸ்பூன்ல 2 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்த அளக்குற அலகு, மில்லிலிட்டர் இல்ல), ஜெல்ல அதே அளவு வேணும்னா அரை டீஸ்பூன் ஆகும். நாலரை கிலோ பூனைக்கு ஒரு வேளைக்கு இந்த 2தான் வழக்கமா ஆரம்பிக்கிற அளவு. சின்னு அவ்வளவு கனம் இல்ல, அதனால அவளுக்குக் கொஞ்சம் குறைச்சுக் குடுத்தாங்க. பவுடர் விலையும் கம்மி, ஈர சாப்பாட்டுல கலந்தா வாசனையே தெரியல, வாயப் பிடிச்சுத் திறக்க வேண்டாம். நம்ம ஊரு ஈரக் காத்துல மூடி சரியா மூடலன்னா கட்டி கட்டியா ஆயிடும், அது பெரிய விஷயம் இல்ல, அந்தச் சின்ன உறிஞ்சு பாக்கெட்ட தூக்கிப் போடாம உள்ளயே வச்சிருந்தா போதும்.

ஒரு மாசம் பவுடர் ஒழுங்கா போட்டேன், ஒரு வேளை கூட விடல. மாசக் கடைசியில ரத்தம் எடுத்தா 3.2. டாக்டர் கேட்டாங்க, தட்டு காலியாகுதான்னு. அப்பதான் யோசிச்சேன். சின்னு ஒரே மூச்சுல சாப்பிடுறவ இல்ல. நாலு வாய் சாப்பிட்டுப் போவா, ஒரு மணி நேரம் கழிச்சு வந்து ரெண்டு வாய், மிச்சம் அப்படியே காஞ்சு கிடக்கும். எங்க வீட்டுல இன்னொருத்தி இருக்கா, குட்டி. 2024 செப்டம்பர் 1லருந்து வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல ரெண்டு பூனை வரைக்கும் வளக்கலாம்னு ஆனப்புறம் ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் எடுத்துட்டேன். அந்தக் குட்டி சின்னுவோட தட்ட எப்ப பாத்தாலும் நக்கிக்கிட்டிருப்பா. ஒரு சனிக்கிழமை வேணும்னே உக்காந்து பாத்தேன். சின்னு முக்கால்வாசி விட்டுட்டு எந்திரிச்சா, நான் கோப்பி கலக்கிட்டுத் திரும்புறதுக்குள்ள குட்டி தட்ட பளபளன்னு ஆக்கிட்டா. ஒரு மாசமா காலித் தட்டப் பாத்து சந்தோஷப்பட்டிருக்கேன், அந்தப் பொட்டாசியம் பாதி தேவையே இல்லாத வயித்துக்குப் போயிருக்கு.

இதுதான் எனக்கு முடிவு பண்ண வச்ச விஷயம். எது நல்ல பொருள்ங்கிறது ரெண்டாவது, உள்ள எவ்வளவு போச்சுன்னு ராத்திரி படுக்கும்போது உறுதியா சொல்ல முடியணும். ஏன்னா டாக்டர் அடுத்த அளவ முடிவு பண்றது அத வச்சுத்தான். நான் முழுசா குடுத்தேன்னு சொல்லியிருந்தா, குடுத்தும் ஏறலன்னு அளவக் கூட்டியிருப்பாங்க. அப்புறம் ஒரு நாள் பசி வந்து தட்ட முழுசா காலி பண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே நெஞ்சு படபடங்குது.

ஜெல்லுக்கு மாறினப்ப முன்னங்கால்ல தடவி விட்டேன், நக்கிடுவான்னு. உதறின உதறுல பாதி சுவத்துல. அப்புறம் ஊசி இல்லாத 3 மில்லி சிரிஞ்சுல ஏத்தி, சிரிஞ்ச உள்ளங்கையில ஒரு நிமிஷம் பொத்தி வச்சு இளக்கி, கோரைப் பல்லுக்குப் பின்னாடி கன்னத்து ஓரமா கொஞ்சம் கொஞ்சமா விடுறேன். ஒரே அடியா அமுக்கினா துப்பிடுவா. சாப்பிட்ட கையோட குடுத்துடணும், வெறும் வயித்துல குடுத்த அன்னிக்கு வாந்தி எடுத்துட்டா. முடிஞ்சதும் அவளுக்குப் பிடிச்ச டியூனா குழம்பு ஒரு நக்கு. காலையில வேலைக்குக் கிளம்புற அவசரத்துல இது கஷ்டம்தான், விலையும் கூட, டாக்டர் ஆர்டர் பண்ணி வர்றதுக்கும் நாள் ஆகுது. ஆனா சிரிஞ்சு காலியானா மருந்து உள்ளதான். ஒரு மாசத்துல 4.1, அடுத்த தடவை 4.3. மூணாவது வாரமே ஜன்னல் திண்டுல ஏறிட்டா, நான் பக்கத்துல ஸ்டூல் போட்டு வச்சிருந்தேன், அதத் தொடக்கூட இல்ல.

மாத்திரை நாலு நாள்தான் குடுத்தேன், அத வச்சு வேண்டாம்னு சொல்ல மாட்டேன். அளவு துல்லியமா இருக்கும், முழுங்குற பூனைக்கு ஜெல்ல விட சுலபம். முழுங்கினதும் அஞ்சாறு மில்லி தண்ணி விடணும், இல்லன்னா தொண்டைக்குழாய்ல ஒட்டிக்கிட்டுப் புண்ணாக்கும்.

அம்மா எளனி குடுக்கச் சொன்னாங்க. எளனில பொட்டாசியம் இருக்கிறது உண்மைதான்மா, ஆனா காய்க்குக் காய் அளவு மாறும், சக்கரையும் இருக்கு, இவ மோந்து கூடப் பாக்கலன்னேன். அப்ப டாக்டர் தனக்கு எழுதிக் குடுத்த பொட்டாசியம் மாத்திரைய உடைச்சுக் குடேன்னாங்க. அதுக்குத்தான் பயந்துட்டேன். 600 மில்லிகிராம் பொட்டாசியம் குளோரைடு மாத்திரையில 8 மில்லி ஈக்விவலன்ட் இருக்கு, அந்த நாலரை கிலோ கணக்குக்கே நாலு மடங்கு, அதோட மெதுவா கரையுற மாத்திரைய உடைச்சா எல்லாம் ஒரேயடியா இறங்கிடும். வீட்டுல பெரியவங்க மருந்து டப்பா இருந்தா தயவுசெஞ்சு அதுல கை வைக்காதீங்க.

வீட்டுல தோலுக்கு அடியில டிரிப் ஏத்துறவங்களும் அதுவே போதும்னு இருந்துடாதீங்க. ரிங்கர் லாக்டேட் 100 மில்லி ஏத்தினா 0.4 மில்லி ஈக்விவலன்ட்தான் கிடைக்கும், தண்ணி கூட ஏற ஏற ஒண்ணுக்குல போறதும் கூடும்.

ஒரே பூனை, தட்டத் துடைச்ச மாதிரி சாப்பிடுற பூனைன்னா நானும் பவுடர்தான் வாங்கியிருப்பேன். சின்னுவுக்கு அடுத்த மாசம் திரும்ப ரத்தம் எடுக்கணும், 5 தாண்டினா ராத்திரி வேளை ஜெல்ல நிறுத்திடலாம்னு சொல்லியிருக்காங்க.