அம்மாவை உள்ளே கூப்பிடவே இல்லை: ஆட்டிசம் பரிசோதனைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எனக்கு 36 வயது. ஆட்டிசம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் போய், பணத்தையும் எட்டு மாதத்தையும் இழந்துவிட்டு நிற்கிறேன். நீங்களும் அதே முயற்சியில் இருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

'பெரியவர்களுக்கான ஆட்டிசம் பரிசோதனை, ஒரே நாளில் ரிப்போர்ட்' என்பது நான் போன மையத்தின் விளம்பரம். அதற்கு முன் நான் போன் செய்த மூன்று இடங்களிலும் "குழந்தைக்கு என்ன வயசு?" என்றுதான் கேட்டார்கள். எனக்குத்தான் என்றதும் பேச்சு முடிந்துவிட்டது. அந்த நிலையில் "வாங்க, பார்க்கிறோம்" என்று ஒரு குரல் சொன்னால் எப்படி இருக்கும்? முழுப் பணத்தையும் முன்பே கட்டச் சொன்னார்கள். கட்டினேன்.

அம்மாவும் கூட வந்தார். என் பழைய பள்ளி ரிப்போர்ட் கார்டுகளை எல்லாம் தேடியெடுத்து, ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வகுப்பு கார்டில் டீச்சர் சிவப்பு மையில் எழுதிய வரி எனக்கு மனப்பாடம்: "நன்றாகப் படிக்கிறாள். யாருடனும் சேர்வதில்லை. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறாள்."

உள்ளே முதலில் 50 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தந்தார்கள். பார்த்ததுமே தெரிந்தது, ஆட்டிசத் தன்மைகள் எவ்வளவு என்று நாமே போட்டுப் பார்க்கும் ஏ.க்யூ. என்கிற கேள்வித்தாள். 2001-இல் கேம்பிரிட்ஜில் ஆட்டிச ஆய்வாளர் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் வெளியிட்டது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, வீட்டிலேயே இரண்டு முறை போட்டுப் பார்த்திருந்தேன். மேற்கொண்டு விசாரிக்கலாமா என்று பார்க்க மட்டுமே அது உதவும். கடுமையான பதற்றம் இருப்பவர்களுக்கும் அதில் மதிப்பெண் கூடலாம்.

அடுத்து தலையில் ஒரு பட்டையை மாட்டி மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். திரையில் சிவப்பும் நீலமுமாகப் படம் வந்தது. "இதோ, இந்த இடத்தில்தான் வித்தியாசம்" என்று விரலால் தொட்டுக் காட்டினார் அந்த ஊழியர். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருடம் நான் சொல்லி யாரும் நம்பாததை ஒரு மெஷின் சொல்கிறதே என்று இருந்தது. ஆட்டிசத்தை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ மூளை அலைப் பதிவோ இன்றுவரை கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. வலிப்பு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் ஈ.ஈ.ஜி. என்கிற மூளை அலைப் பதிவை எடுப்பார்கள், அது வேறு.

பிறகு நிபுணர் வந்து பேசினார், பன்னிரண்டு நிமிடம். வேலை, தூக்கம், நண்பர்கள் பற்றிக் கேட்டார். பள்ளிக்கூடம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாலையில் ஒன்பது பக்க ரிப்போர்ட் கைக்கு வந்தது: ஆட்டிசம் உறுதி. கூடவே 24 அமர்வுகள் கொண்ட ஒரு சிகிச்சை பேக்கேஜ், அன்றே சேர்ந்தால் தள்ளுபடி.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார், "என்னை ஒண்ணுமே கேக்கலையேம்மா?"

"தேவைப்படலைம்மா. மெஷின்லயே தெரிஞ்சிடுச்சு" என்றேன். அன்று நான் சொன்ன அந்த பதில்தான் பணத்தைவிட என்னை உறுத்துகிறது.

பேக்கேஜில் சேரவில்லை, கையில் காசில்லாததால் தப்பித்தேன். இரண்டு மாதம் அந்த ரிப்போர்ட்டை நம்பி வாழ்ந்தேன். வீட்டில் சொன்னேன், நெருங்கிய தோழிகளிடம் அழுதுகொண்டே சொன்னேன். அலுவலகத்தில் சத்தமில்லாத இடம் கேட்க மருத்துவர் கடிதம் வேண்டியிருந்ததால் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். ஒன்பது பக்கத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார். "இதுல உங்க சின்ன வயசு எங்கே?"

ஆறாம் பக்கத்தையும் திருப்பிக் காட்டினார். "குழந்தை சக வயதினருடன் விளையாடுவதில்லை" என்று இருந்தது. யாரோ ஒரு குழந்தையின் ரிப்போர்ட்டில் என் பெயரைப் போட்டுத் தந்திருக்கிறார்கள்.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்கிற அமெரிக்க மனநல நோயறிதல் கையேட்டின் விதிகளின்படி, சமூகத் தொடர்பு சார்ந்த மூன்று குறைபாடுகளும் இருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தை ஏற்க முடியாமை, ஒன்றிலேயே ஆழ்ந்துபோகும் ஈடுபாடு, சத்தம், வெளிச்சம் போன்ற புலனுணர்வுச் சிக்கல் என்ற நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இவை சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். வளர்ந்தபின் கற்றுக்கொண்ட உத்திகளால் வெளியே தெரியாமல் போயிருக்கலாம், என்னைப் போன்ற பல பெண்களுக்கு அப்படித்தான் ஆகிறது. அதனால்தான் பழைய கதையைத் தோண்டிக் கேட்கிறார்கள். பெற்றோர் இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம், அண்ணன், அக்கா, பழைய டைரி, பள்ளி ரெக்கார்டு எல்லாம் உதவும். ஏ.டி.எச்.டி. என்கிற கவனச்சிதறல் பிரச்சினை, சமூகப் பதற்றம், பழைய மனக்காயம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிபுணர் எதிரில் உட்கார்ந்து பேசியும் செயல்களைக் கவனித்தும் பார்க்கும் ஏடாஸ்-2 மாதிரியான நேரடி மதிப்பீட்டுக்கே முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும்.

எனக்கு ஆட்டிசம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இத்தனைக்குப் பிறகும் எனக்குத் தெரியாது. நான் கேட்க ஏங்கிய பதிலையே அவர்கள் எனக்கு விற்றார்கள். 'இல்லை' என்று சொல்லியிருந்தால் அன்றே சந்தேகப்பட்டிருப்பேன்.

ஆகவே பணம் கட்டும் முன் போனிலேயே கேளுங்கள். மதிப்பீடு செய்பவரின் படிப்பு என்ன, பெரியவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா, என் சிறு வயதைப் பற்றி யாரிடம் கேட்பீர்கள், எத்தனை மணி நேரம், எத்தனை சந்திப்பு? சிறு வயதைப் பற்றிய கேள்விக்கு மழுப்பினால் வைத்துவிடுங்கள். மூளைப் படத்தைக் காட்டி உறுதி என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த மருத்துவர் எழுதிக் கொடுத்த இடத்தில் காத்திருப்புப் பட்டியல் நீளம், அடுத்த மாதம்தான் முதல் சந்திப்பு. மொத்தம் மூன்று, அதில் ஒன்று அம்மாவுக்கு மட்டும். என்ன கேட்பார்கள் என்று அவர் இப்போதே தினமும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பழைய இடத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். "சேவை வழங்கப்பட்டுவிட்டது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. ஆறாம் பக்கத்தின் நகலை இணைத்து மறுபடியும் எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இதன் கீழேயே சேர்க்கிறேன்.