காருக்கு எச்4 எல்இடி பல்பும் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிமும்: காசுக்குத் தகுமா?

ஹாலஜன் பல்புக்கென்று செய்த ஹெட்லைட் ரிஃப்ளெக்டரில் எச்4 (ஹை பீமும் லோ பீமும் ஒரே பல்பில் வரும் வகை) எல்இடி பல்பை மாட்டினால் வெளிச்சம் பளிச்சென்றுதான் இருக்கும். தூரம் போகுமா என்பது வேறு கதை. பழைய ஃபிலமென்ட் இருந்த அதே புள்ளியில் எல்இடி சிப் உட்கார வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலே லோ பீம் சிதறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். சிப்கள் இடமும் வலமும் பார்க்கும்படி காலரை (பல்பைப் பிடிக்கும் வளையத்தை) திருப்பிப் பூட்டுங்கள்.

பின்னால் ஃபேன் நீட்டிக்கொண்டிருப்பதால் ரப்பர் மூடி உட்காராது. அதை வெட்டி அப்படியே விட்டால் மழைக்காலத்தில் விளக்குக்குள் வேர்த்துவிடும். மினுக்கினால் பல்பைத் திட்டாதீர்கள்: 55 வாட் எதிர்பார்க்கும் காருக்கு 25 வாட் போதவில்லை, பெரும்பாலும் டிகோடர் (பழைய பல்பே இருப்பதாகக் காரை நம்பவைக்கும் சின்னப் பெட்டி) போட்டால் நின்றுவிடும். பிறகு 10 மீட்டர் தள்ளிச் சுவரில் அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். செலவு பார்க்காதவர்களுக்கு புரொஜெக்டர் செட்தான் (லென்ஸ் வைத்த முழு விளக்கு) சரி.

ஃபிலிமில் ஏமாறுவது கணக்கில். 35 சதவீதம் ஒளி விடும் ஃபிலிமை, 75 சதவீதம் ஒளி விடும் கண்ணாடியில் ஒட்டினால் மிஞ்சுவது 26 சதவீதம்தான். சட்ட வரம்பை இந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். சாயம் ஏற்றிய மலிவு ரகம் வெயிலில் ஊதாவாகும். உலோகம் கலந்தது ஜிபிஎஸ்ஸைக் கெடுக்கலாம். செராமிக் அவ்வளவு கறுப்பில்லாமலே சூட்டைத் தடுக்கும், என் ஓட்டு அதற்கே. ஒட்டியபின் சில நாள் கண்ணாடியை இறக்காதீர்கள். பின்கண்ணாடியில் உள்ள பழைய ஃபிலிமைப் பிளேடால் சுரண்டினால் டீஃபாகர் கோடுகளும் (பனிமூட்டத்தைச் சூடாக்கிப் போக்கும் கம்பிகள்) கூடவே வந்துவிடும். நீராவி காட்டி உரியுங்கள்.