அக்கிலீஸின் காதலும் பிரிசெயிஸின் குரலும்

ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் பண்டைய கிரேக்கக் காவியமான இலியட்டை மறுபடி சொல்லும் இரு ஆங்கில நாவல்களில், மேடலின் மில்லரின் ‘தி சாங் ஆஃப் அக்கிலீஸ்’ (2011) கிரேக்க வீரன் அக்கிலீஸின் மீதான காதலை அவனுடைய தோழன் பத்ரோக்ளஸின் வாய்மொழியாகவே விரிக்கிறது. பாட் பார்க்கரின் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி கேர்ள்ஸ்’ (2018) பெரும்பாலும், போரில் சிறைபிடிக்கப்பட்டு அக்கிலீஸுக்குப் பரிசாக அளிக்கப்பட்ட பிரிசெயிஸின் குரலில் அமைந்தது. மில்லரின் பத்ரோக்ளஸ் இறந்த பின்னும் கதைசொல்லியாகத் தொடர்ந்து, கல்லறையில் தன் பெயர் பொறிக்கப்படாததால் அமைதியின்றி அலைவதும், அவனை வெறுத்த, அக்கிலீஸின் தாய் தீட்டிஸே இறுதியில் அப்பெயரைப் பொறிப்பதும் நெஞ்சைப் பிழிகின்றன. பார்க்கரோ, மகனைக் கொன்ற அக்கிலீஸின் கைகளை ட்ராய் மன்னன் பிரியாம் முத்தமிடும் காட்சிக்கு அருகிலேயே, கணவனையும் சகோதரர்களையும் கொன்றவனோடு படுக்க நேர்ந்த பிரிசெயிஸை நிறுத்துகிறார். காதலின் துயரத்தில் தோய விரும்புவோர் மில்லரை வாசிக்கலாம். எனினும், அக்காதல் வளர்ந்த பாசறையில் அடிமைப் பெண்களும் இருந்தார்கள் என்பதை மறக்கவிடாத பார்க்கரையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.