கோடா, சதவீதமா, வோல்ட்டா? பழைய போனில் பற்றரியை எதை வைத்துப் பார்ப்பது

போன பெரும்போக நெல் விதைப்புக் காலத்தில் ஒரு இரவு மாமாவின் போன் நின்றுவிட்டது. மட்டக்களப்பில் உன்னிச்சைப் பக்கம் அவருடைய வயல். கதிர் முற்றுகிற நேரம், யானைக் காவலுக்கு வாடியில், அதாவது வயல் குடிசையில், தனியாக இருந்தார். ஒன்பது மணிக்குக் கோல் எடுத்துக் கதைத்தபோது, "மூன்று கோடு இருக்கு மருமகன், விடியுமட்டும் தாங்கும்" என்றார். பதினொரு மணிக்கு நான் திரும்ப எடுத்தால் போன் ஓஃப். வவுணதீவு வீட்டில் அன்றிரவு ஒருவரும் கண் மூடவில்லை, மாமி வாசலிலேயே இருந்தார். காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர் கேட்ட முதல் கேள்வி, "மூன்று கோடு இருந்ததே, மறுகா எப்படி நின்றது?"

அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அப்புறம்தான் வீட்டில் கிடந்த பழைய போன்களை எல்லாம் எடுத்துச் சார்ஜ் போட்டு, மாமாவின் பட்டன் போன், அன்ட்ரொய்ட் 4.4 ஓடுகிற ஒரு டச் போன், 6.0 ஓடுகிற இன்னொன்று, தங்கச்சி பாவித்துவிட்டு வைத்த ஐபோன் என்று நாலையும் மேசையில் வைத்து, எது எப்படிக் காட்டுகிறது, எதை நம்பலாம் என்று இரண்டு வாரம் பார்த்தேன்.

முதலில் ஒரு விஷயம். மோட்டார் சைக்கிள் தாங்கியில் பெட்ரோல் எவ்வளவு என்று மூடியைத் திறந்து பார்க்கலாம், பற்றரியை அப்படிப் பார்க்க முடியாது. போனுக்கு நேராகத் தெரிவது வோல்ட்டேஜ். கொஞ்சம் நல்ல போன்களில் உள்ளே போகிற, வெளியே வருகிற கரண்ட்டையும் எண்ணுவதற்கு ஒரு சின்ன சிப் இருக்கும். கோடு, சதவீதம், மேலே ஓடுகிற வண்ணக் கீற்று எல்லாமே இந்த அளவை வைத்துப் போன் செய்கிற கணிப்புத்தான். ஆகவே எது அழகாகக் காட்டுகிறது என்று கேட்பதைவிட, எந்தக் கணிப்பு எந்த இடத்தில் பிழைக்கும் என்று கேட்பதுதான் நமக்கு உதவும்.

கோட்டிலிருந்து தொடங்குவோம். 2003-இல் வந்த நோக்கியா 1100-ஐ எங்கள் பக்கம் தெரியாதவர் குறைவு. திரையின் ஒரு ஓரத்தில் சிக்னல், மறு ஓரத்தில் பற்றரி, நாலே கோடு. கிழவருக்கும் பிள்ளைக்கும் ஒரே பார்வையில் விளங்கும், வெயிலிலும் தெரியும், எந்தச் செட்டிங்ஸுக்குள்ளும் போகத் தேவையில்லை. இந்த எளிமைக்கு நான் உண்மையாகவே மரியாதை வைத்திருக்கிறேன். ஆனால் இப்படியான போன்களில் கோடு பெரும்பாலும் வோல்ட்டேஜை மட்டும் பார்த்துத்தான் விழுகிறது, சிக்கல் அங்கேதான். லித்தியம் பற்றரி நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட். அது ஒரே சீராக இறங்குவதில்லை. நடுப்பகுதி முழுக்க 3.9-க்கும் 3.7-க்கும் இடையில் கிட்டத்தட்டத் தட்டையாகவே போய், கடைசியில் கிணற்றுக்குள் கல் விழுந்த மாதிரி ஒரேயடியாக இறங்கும். தட்டையான இடத்தில் ஒரு துளி வித்தியாசம்கூட ஒரு கோட்டைக் கூட்டியோ குறைத்தோ காட்டிவிடும். மாமாவின் போனில் முதல் கோடு விழ ஒன்றரை நாள் ஆனது, கடைசி இரண்டு கோடும் ஒரு மணித்தியாலத்துக்குள் போயின.

இதோடு சிக்னலும் சேர்கிறது. வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரையில் வயலுக்குள் போகப் போகக் கோபுரம் தூரம். சிக்னல் குறைந்த இடத்தில் கதைத்தால் போன் தன் முழுச் சக்தியையும் போட்டு அனுப்ப வேண்டும், 2ஜியில் அது இரண்டு வாட் வரை போகும். அந்தச் சக்தியும் தொடர்ந்து போகாது. செக்கனுக்கு 217 தடவை துடித்துத் துடித்துப் போகும், ஒவ்வொரு துடிப்பிலும் ஒன்றரை, இரண்டு அம்பியர் வரை இழுக்கும். புதுப் பற்றரி இதைத் தாங்கும். பழைய பற்றரிக்கு உள்தடை, அதாவது கரண்ட்டை உள்ளேயே மறிக்கிற தடை, கூடியிருக்கும், அந்த இழுப்பில் வோல்ட்டேஜ் சட்டென்று சரியும். அதனால்தான் கதைக்கும்போது ஒரு கோடு, வைத்து ஐந்து நிமிடம் போனதும் மூன்று கோடு. மாமா பார்த்த மூன்று கோடு போன் சும்மா கிடந்தபோது பார்த்தது. ஒன்பதுக்குப் பிறகு அவர் பக்கத்து வாடிக்காரரோடு இரண்டு தடவை கதைத்திருக்கிறார். பற்றரியில் மிச்சம் இருந்திருக்கலாம், ஆனால் அந்த இழுப்பைத் தாங்க வோல்ட்டேஜ் இல்லை, போன் நின்றுவிட்டது. அவர் பார்த்தது பொய்யில்லை, அந்தக் கோட்டுக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது.

சரி, சதவீதம் இதைவிட மேலா? ஓரளவுக்கு, ஆம். பழைய போன்களில் அதைக் கொண்டுவருவதுதான் ஒரு வேலை. ஐபோனில் 2009-இல் வந்த 3ஜிஎஸ்ஸிலிருந்து செட்டிங்ஸில் ஒரு தட்டுத்தான். அப்புறம் 2017-இல் வந்த ஐபோன் எக்ஸில் மேலே இடம் போதாமல் எண்ணை எடுத்துவிட்டார்கள், விரலால் இழுத்தால்தான் தெரியும், 2022-இல் ஐஓஎஸ் 16 வந்தபோதுதான் அது ஐகனுக்குள் திரும்பி வந்தது. அன்ட்ரொய்டில் 2017-இல் வந்த 8.0-க்குப் பிறகு செட்டிங்ஸில் பற்றரிப் பகுதியிலேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது. 6.0 என்றால் மேலிருந்து இழுத்து, பற்சக்கரப் படத்தைச் சில செக்கன் அழுத்திப் பிடித்து விட வேண்டும். செட்டிங்ஸின் அடியில் சிஸ்டம் யூஐ டியூனர் என்று புதிதாக ஒன்று முளைக்கும், அதற்குள் போய்ப் போட வேண்டும். 4.4-இல் இந்த வசதி உள்ளே ஒளிந்திருக்கிறது, மெனுவில் கிடையாது. அதை இயக்கிவிடுவதற்கென்றே சின்னச் செயலிகள் இருந்தன, ஒரு தடவை இயக்கிப் போனை நிறுத்திப் போட்டால் எண் வந்துவிடும், பிறகு அந்தச் செயலியைக்கூட அழித்துவிடலாம். சம்சுங்கின் பழைய கலக்ஸிகளில் இந்தச் சிரமம் இல்லை, திரைச் செட்டிங்ஸில் ஒரு டிக் போட்டால் போதும்.

4.4-இல் வருகிற எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ஐகனுக்குள் பொடி எழுத்தில் வரும், மலிவான போனின் திரையில் 38-ஆ 88-ஆ என்று எனக்கே கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. ஐகனை மட்டும் பார்ப்பவர்களும் கவனிக்க வேண்டும், 96 வந்ததுமே அது முழுதாய் நிறைந்ததாகக் காட்டிவிடும்.

எண்ணின் உண்மையான பலன் எனக்கு விளங்கியது 2022 மார்ச் கடைசியில், இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது. 61 என்ற எண்ணால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு முன் 66 இருந்தது, இப்போது 61 என்றால், டேட்டாவை நிறுத்தினால் இரவைக் கடத்தலாம் என்று கணக்குப் போட முடிந்தது. கோட்டால் இந்தக் கணக்குப் போட முடியாது. சதவீதத்தை எப்போதும் அப்படித்தான் பாருங்கள், எவ்வளவு மிச்சம் என்பதைவிட எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று.

ஆனால் 27 என்று எழுதியிருந்தால் உண்மையில் 27 இருக்கிறது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். என் 6.0 போன் 27-இல் கமராவைத் திறந்ததும் அணைந்துபோனது, சார்ஜரில் போட்டுத் திறந்தால் 22 என்றது. காரணம் மாமாவின் கோட்டுக்குச் சொன்னதுதான், கிழட்டுப் பற்றரி, திடீர் இழுப்பு. இன்னொன்று, போனுக்குள் இருக்கிற கணக்கு அதோடு வந்த பற்றரியின் குணத்தை வைத்துப் போட்டது. கடையில் வேறு பற்றரி மாற்றினால், அதன் மேல் எத்தனை ஆயிரம் மில்லிஅம்பியர்-மணி (mAh) என்று அச்சடித்திருந்தாலும், போன் பழைய கணக்கோடுதான் ஓடும். சில பழைய மோட்டோரோலா அன்ட்ரொய்ட் போன்களோ அளவைப் பத்துப் பத்தாக மட்டுமே கொடுக்கும். அவற்றில் பெரும்பாலான செயலிகளிலும் 70-க்கு அடுத்தது 60-தான்.

இதனால்தான் முகப்புத் திரையில் எண்ணைக் காட்டுகிற விட்ஜெட்களைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். துல்லியமாக அளக்கிறோம் என்று விளம்பரம் செய்கிற பற்றரிச் செயலிகள் பெரும்பாலும் அன்ட்ரொய்ட் கொடுக்கிற அதே எண்ணை வாங்கித்தான் காட்டுகின்றன, தனியாக ஒன்றையும் அளப்பதில்லை. அதோடு பற்றரி மாறியது என்ற அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கிற செயலிக்கு மட்டும்தான் போகும். 512 எம்பி ரம் உள்ள போனில் வட்ஸ்அப்பைத் திறந்தாலே பின்னால் ஓடுகிற செயலியை அன்ட்ரொய்ட் நிறுத்திவிடும். பின்னால் ஓடாத விட்ஜெட் என்றால் தானாகப் புதுப்பிக்க அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவைதான் அனுமதி. என் 4.4 போனில் முகப்புத் திரையிலே பெரிய வட்டத்தில் 58, மேலே ஐகனில் 43. எதை நம்புவது? ஐகனை. பழைய எண்ணைப் பெரிய எழுத்தில் காட்டுவது எண்ணே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்து, யோசித்துத்தான் இதைச் சொல்கிறேன். திரையின் மேல் விளிம்பில் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறுகிற கீற்றுப் போடுகிற செயலிகளுக்கும் இதே கதைதான். பார்க்க நன்றாக இருக்கும், முழுத்திரையில் படம் பார்க்கும்போது உதவும், அவ்வளவே.

பற்றரியை 'கலிபிரேட்' பண்ணுகிறோம், அதாவது அளவைத் திருத்துகிறோம் என்று ஒரு பொத்தானோடு வருகிற செயலிகளை எடுத்துவிடுங்கள். அவை அழிக்கிற கோப்பு எந்தச் செயலி எவ்வளவு பாவித்தது என்ற புள்ளிவிவரம் மட்டுமே, திரையில் தெரிகிற அளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அன்ட்ரொய்ட் பொறியாளர் டயான் ஹாக்போர்ன் 2012-இலேயே தெளிவாக எழுதிவிட்டார். எண் மிகவும் பிழைத்துக் காட்டினால் ஒரு தடவை அணையும்வரை பாவித்து, இடையில் எடுக்காமல் முழுதாகச் சார்ஜ் போட்டுப் பாருங்கள். சில போன்களில் கணக்கு ஓரளவு சரியாகும், பற்றரி இளமையாகாது. மாதா மாதம் செய்யவும் கூடாது, அடிவரை இறக்குவது பற்றரிக்குக் கேடு.

வோல்ட்டேஜை நேரே பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. பழைய அன்ட்ரொய்ட் பலவற்றில் *#*#4636#*#* என்று அடித்தால் ஒரு மெனு வரும், அதில் பற்றரித் தகவல் என்ற இடத்தில் சதவீதம், வோல்ட்டேஜ், சூடு மூன்றும் இருக்கும். பிந்திய பதிப்புகளில் இந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள், அங்கே வோல்ட்டேஜ் காட்டுகிற சின்னச் செயலி ஒன்று போதும். 3742 என்று இருந்தால் 3.742 வோல்ட். போன் சும்மா கிடக்கும்போது 4.0-க்கு மேல் என்றால் தாராளம், 3.8 பாதியளவு, 3.7-க்குக் கீழே போனால் சார்ஜரைத் தேடுங்கள், 3.6-இல் கோல் எடுத்தால் நின்றுவிடக்கூடும். 2012-க்குப் பிறகு வந்த சில போன்களின் பற்றரி 4.35 வரை ஏறும், அவற்றுக்கு இந்தக் கணக்குக் கொஞ்சம் மாறும்.

இதில் சோதிக்க வேண்டியது இரண்டு வாசிப்புக்கு இடையிலான தூரம். சும்மா இருக்கும்போது ஒரு தடவை பாருங்கள், வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி டோர்ச்சையும் போட்டு இன்னொரு தடவை பாருங்கள். என் போனில் 3.81 இருந்தது 3.55-க்கு விழுந்தது. அதே போனுக்குப் புதுப் பற்றரி போட்ட பிறகு விழுந்தது 0.06 மட்டும். சதவீதம் இரண்டு தடவையும் ஐம்பத்துச் சொச்சம்தான் சொன்னது. பற்றரி கிழண்டுவிட்டதா என்பதைக் கோடும் சொல்லாது, சதவீதமும் சொல்லாது, இந்தச் சரிவு சொல்லும்.

ஆனால் மாமாவிடம் போய் 3.7 வோல்ட் என்று சொல்ல முடியுமா? அம்மாவுக்குக் கண் தெளிவில்லை, அவருக்கு எண்ணும் வேண்டாம், கோடும் வேண்டாம், சத்தம்தான் வேண்டும். அன்ட்ரொய்ட் வழக்கமாக 15-இல் எச்சரிக்கும், வயதானவருக்கு அது பிந்திப்போன எச்சரிக்கை. 40-இல் குரலில் சொல்கிற ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தேன், அவருடைய போனில் ரம் போதுமாக இருப்பதால் அது தூங்காமல் ஓடுகிறது. விட்ஜெட்டைக் குறை சொன்ன நான் இதை மட்டும் வேண்டும் என்கிறேன், அவருக்கு வேறு வழி இல்லை.

ஆகவே என் தேர்வு ஆளுக்கு ஆள் மாறும். தினம் டச் போனோடு திரிகிறவருக்குப் போனுக்குள்ளேயே இருக்கிற சதவீதம், வாரத்துக்கு ஒரு தடவை வோல்ட்டேஜ். இரண்டாம் கை போன் வாங்கப் போகிறவருக்கு முதலில் வோல்ட்டேஜ், கடையிலேயே டோர்ச்சைப் போட்டுப் பாருங்கள். பற்றரி கழற்றக்கூடியது என்றால் மேசையில் தட்டையாக வைத்துச் சுழற்றியும் பாருங்கள், பம்பரம் மாதிரிச் சுற்றினால் அது வீங்கிவிட்டது, வாங்க வேண்டாம். வயலுக்கும் வாவிக்கும் போகிறவர்களுக்குக் கோடு போதும், ஒரு நிபந்தனையோடு: கோட்டைப் பார்க்க வேண்டியது கதைத்து முடிந்த உடனே, சும்மா கிடக்கும்போது இல்லை. கதைத்து முடிந்ததும் இரண்டு கோடு என்றால் அதுதான் கணக்கு, பிறகு மூன்றாக ஏறினாலும் இரண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் போனுக்கு நல்ல பற்றரி ஒன்று மாற்றியாயிற்று. இந்தப் போகத்தில் இரண்டாம் கோட்டுக்கு வந்ததும் ஒரு மிஸ்ட் கோல் அடிப்பார். நான் திருப்பி எடுப்பதில்லை. எடுத்துக் கதைத்தால் மிச்சக் கோடும் போய்விடும் என்று அவரே மாமிக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார்.